உள்ளங்கைக்குள் ஒரு சிற்பம்: வாசகர் கேள்வி பதில்

இக்காலச் சிற்பிகள் பலர் கற்கால மனிதரின் கைவேலையைத் தேடிப் போவது ஏன் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான்கே வரியில் பதில் எழுதியிருந்தேன். அது போதாது என்று தில்லியின் பல பகுதிகளிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. நாற்பது ஆண்டுகளாக இந்நகரில் களிமண்ணோடும் கல்லோடும் பழகிவரும் எனக்கு இந்தக் கடிதங்கள் மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தன. ஆகவே இம்முறை முழுப் பகுதியையும் இந்த ஒரே பொருளுக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, பதினோராம் வகுப்பில் ஓவியக்கலையை ஒரு பாடமாக எடுத்திருக்கும் என் மகளை ஜன்பத்திலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். மொகஞ்சதாரோ நடனப் பெண்ணைப் பார்த்ததும் "இவ்வளவுதானாம்மா?" என்று கேட்டுவிட்டாள். பாடப் புத்தகத்தில் பக்கம் நிறைய நிற்கும் அந்தப் பெண், நேரில் ஒரு விரலைவிடச் சற்றே பெரியவளாக இருக்கிறாள். இவ்வளவு சிறிய பாவையிலிருந்து இன்றைய சிற்பிகள் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?
(ராமகிருஷ்ணபுரம் வாசகி)

பதில்: உங்கள் மகளின் ஏமாற்றத்தைக் குறையாக நினைக்க வேண்டாம், அம்மா. சிற்பத்தைப் பற்றிய முதல் பாடமே அங்குதான் தொடங்குகிறது. அச்சிட்ட படத்தில் அளவு தெரியாது. விரல் நீளப் பாவையும் கோபுர உயரச் சிலையும் புத்தகத்தில் ஒரே பக்கத்தைத்தான் நிறைக்கும். நேரில் போய் நிற்கும்போதுதான் ஒரு பொருளின் உயரத்தை நம் உடம்பு தன்னோடு வைத்து அளந்துபார்க்கிறது. 1926இல் மொகஞ்சதாரோவில் கிடைத்த அந்த வெண்கலப் பாவையின் உயரம் 10.5 செ.மீ. அடுத்த முறை போகும்போது கண்ணாடிப் பெட்டியின் முன் சற்றுக் குனிந்து, அவள் முகத்துக்கு நேராக உங்கள் கண்ணை வைத்துப் பாருங்கள். இடக்கையில் தோள்வரை அடுக்கிய வளையல்கள். எண்ணினால் இருபத்து நான்கோ இருபத்தைந்தோ வரும். இடுப்பில் ஊன்றிய வலக்கையில் நான்குதான். தலை சற்றே பின்னுக்குச் சாய்ந்திருக்கிறது. பாதங்கள் உடைந்துபோய்விட்டன. கைகால்கள் குச்சிபோல் நீண்டிருக்கின்றன. உண்மையில் எந்தப் பெண்ணுக்கும் அவ்வளவு நீளக் கை இருக்காது, ஆனால் அந்த நீளம் இல்லையென்றால் அந்தத் துணிச்சலான நிற்பு கிடைத்திருக்காது. மெழுகில் உருச்செய்து, மேலே மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையில் வார்க்கப்பட்டவள் அவள். மெழுகை விரல்களுக்கிடையே உருட்டிப் பழகிய எவருக்கும் அந்தக் கைகள் எப்படிப் பிறந்திருக்கும் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நடனப் பெண்ணின் வயது ஏறத்தாழ 4,500 ஆண்டுகள்; அவள் கற்காலத்தவள் அல்ல. சிந்துவெளி மக்களிடம் எழுத்து இருந்தது. அதை நாம் இன்னும் படித்தறியவில்லை. அதனால் அக்காலத்தைத் தொல்வரலாற்றுக் காலம் என்று தனியாக வகுப்பது வழக்கம். ஆஸ்திரியாவில் வில்லன்டார்ஃப் என்ற ஊரில் 1908இல் கிடைத்த சுண்ணக்கல் பெண் உருவமோ ஏறத்தாழ 30,000 ஆண்டுப் பழமை உடையது. அந்தப் பெண்ணுக்கும் நம் நடனப் பெண்ணுக்கும் உள்ள காலத் தொலைவு, நடனப் பெண்ணுக்கும் நமக்கும் உள்ள தொலைவைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். "பழங்காலம்" என்ற ஒரே சொல்லில் இருவரையும் சேர்த்து முடிச்சிட்டுவிடுகிறோம். அப்படிச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் அளவு என்ற ஒன்றில் இருவரும் உறவினர்கள். வில்லன்டார்ஃப் பெண்ணின் உயரம் 11.1 செ.மீ. தென் ஜெர்மனியில் ஹோலெ ஃபெல்ஸ் குகையில் 2008இல் கிடைத்த, யானை இனத்தைச் சேர்ந்த மாமதத்தின் தந்தத்தில் செதுக்கிய பெண் உருவம் 6 செ.மீ. மட்டுமே. அதற்குத் தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வளையம் இருக்கிறது. கயிறு கோத்துக் கழுத்தில் அணிந்திருக்கலாம். ஓரிடத்தில் தங்காமல் வேட்டை விலங்கின் பின்னால் நடந்துகொண்டே இருந்த மக்கள், தூக்கிச் செல்லக்கூடிய அளவில்தான் உருவங்களைச் செய்துகொள்ள முடியும். வில்லன்டார்ஃப் பெண்ணின் பாதங்கள் உடைந்துபோனவை அல்ல, முதலிலிருந்தே செய்யப்படாதவை. அந்த உருவம் தானாக நிற்காது. கையில் வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது படுக்கவைக்க வேண்டும். பீடத்தின் மேல் ஏற்றிச் சுற்றிவந்து பார்க்கும் பொருளாகச் சிற்பத்தை நாம் நினைக்கப் பழகியது பிற்காலத்தில்தான். அதற்கு முன் அது உள்ளங்கையின் வெப்பத்தில் கிடந்த பொருள்.

இன்றைய சிற்பி எடுத்துக்கொள்ளக்கூடிய பெரிய செல்வம் இதுதான் என்பது என் கருத்து. ஆங்கிலச் சிற்பி ஹென்றி மூர் 1921இல், இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலப் பெருங்கல் வட்டத்துக்கு முதன்முறை போனபோது நிலவொளியில் அந்தப் பெருங்கற்களைப் பார்த்தார். அந்தக் காட்சி அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை, 1970களில் அதையே, கல்லில் வரைந்து தாளில் அச்சிடும் கல்லச்சுப் படங்களாகவும் செய்தார். ஆயினும் அவருடைய மாபெரும் வெண்கல உருவங்கள் பலவும் கைக்குள் அடங்கும் சிறு மாதிரிகளாகத்தான் பிறந்தன. கடற்கரைக் கூழாங்கல், எலும்புத் துண்டு, சிக்கிமுக்கிக் கல் இவற்றை மேசைமேல் குவித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டிப் பார்த்தபடி வேலை செய்தவர் அவர். 1987இல் புது தில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய படைப்புகள் காட்சிக்கு வந்தபோது நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன். புல்வெளியளவு பெரிய உருவங்களைவிட, சிறிய மாதிரிகளின் முன்தான் என் கால்கள் நின்றன. ஒரு கை புரட்டிப் புரட்டிச் செய்த பொருள் என்பது அவற்றின் எல்லாப் பக்கத்திலும் தெரிந்தது.

நம் ஊருக்கு இன்னும் அருகில் வாழ்ந்தவர் சிற்பி ஹிம்மத் ஷா. 1933இல் குஜராத்தின் லோத்தலில் பிறந்தவர். அவர் இருபது வயதைத் தாண்டிய காலத்தில்தான் அதே லோத்தலில் அகழாய்வு தொடங்கி, சிந்துவெளிக் காலத்து நகரம் வெளிப்பட்டது. பிற்காலத்தில் தில்லியில் லலித் கலா அகாதமியின் கடீ கலைஞர் கூடத்தில் பல ஆண்டுகள் தங்கிச் சுடுமண்ணில் தலைகளைச் செய்தார். கண் என்றால் ஒரு கீறல், வாய் என்றால் ஒரு பள்ளம். சில தலைகளில் அதுவும் இல்லை. மண்ணுக்கடியில் நெடுங்காலம் கிடந்துவிட்டு எழுந்து வந்தவைபோல் அவை இருக்கும். எந்த அகழாய்வுப் பொருளையும் அவர் பார்த்து அச்சடித்ததுபோல் செய்யவில்லை. மண்ணைக் கையாளும் பொறுமையை மட்டும் எடுத்துக்கொண்டார். 2025 மார்ச்சில் அவர் மறைந்தார். உங்கள் மகள் நடனப் பெண்ணைப் பார்த்த கையோடு அவருடைய தலை ஒன்றையும் பார்க்க வாய்த்தால், உங்கள் கேள்விக்கான பதில் என் எழுத்தைவிட விரைவாக அவளுக்குக் கிடைத்துவிடும்.

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, ஆதிமனிதர் செய்த உருவத்தைப் பெரிதாக்கியோ, பளபளப்பாக்கியோ வைத்துவிட்டு "என் படைப்பு" என்று சொல்வது நேர்மையா? சிற்பக் கண்காட்சிகளில் இப்படிப் பல உருவங்களைப் பார்க்கிறேன். எனக்கு இது வெறும் நகலாகத்தான் படுகிறது.
(மயூர் விஹார் வாசகர்)

பதில்: உங்கள் ஐயத்தில் பாதியை நான் ஏற்கிறேன். உருவத்தை எடுத்துக்கொள்வதும் செய்முறையை எடுத்துக்கொள்வதும் வெவ்வேறு காரியங்கள்.

உருவத்தை எடுத்துக்கொண்டவர்களில் இன்று உலகெங்கும் பேசப்படுபவர் அமெரிக்கரான ஜெஃப் கூன்ஸ். குழந்தைகளின் பிறந்தநாள் விழாவில் நீளமான பலூனை முறுக்கிப் பொம்மை செய்வார்களே, அந்த வடிவில் வில்லன்டார்ஃப் பெண்ணை அமைத்து, கண்ணாடிபோல் மெருகேற்றிய எவர்சில்வரில் இரண்டரை மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் செய்திருக்கிறார். 2008 முதல் 2012 வரை அந்த வேலை நடந்தது. இதை நான் நகல் என்று தள்ளமாட்டேன். மூச்சுக்காற்று அடைத்து உப்பிய வயிறும் மார்பும் அந்தப் பழைய உருவத்தின் பருமனை வேறொரு வழியில் நமக்கு நினைவூட்டுகின்றன. ஆனால் அதன் முன் நிற்பவருக்குத் தெரிவது அவருடைய சொந்த முகத்தின் பிரதிபலிப்புதான். கையில் எடுக்கவே முடியாத, விரல்ரேகை பட்டாலே துடைக்க வேண்டிய ஒரு பொருளாக அந்தப் பெண் மாறிவிட்டாள். கையில் கிடந்ததைக் கைக்கு எட்டாததாக மாற்றியதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

பிக்காசோவின் வழி வேறு. பிரான்சின் லெஸ்பூக் என்ற இடத்தில் 1922இல், மாமதத்தின் தந்தத்தில் செதுக்கிய ஒரு பெண் உருவம் கிடைத்தது. உயரம் 15 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. தோண்டியபோது கருவி பட்டு அதன் முன்பக்கம் சேதமாகிவிட்டது. அதன் வார்ப்பு நகல்கள் இரண்டைப் பிக்காசோ தம்மிடம் வைத்திருந்தார். ஒன்று உடைந்த நிலையில் உள்ளதன் நகல், மற்றொன்று குறைகளை நிரப்பிச் சீராக்கியதன் நகல். அவர் பின்னால் செய்த பருத்த பெண் தலைகளிலும் உடல்களிலும் அந்த உருண்டை வடிவங்களின் சாயலைக் கலை வரலாற்றாசிரியர்கள் காண்கிறார்கள். எந்தச் சிற்பத்தையும் லெஸ்பூக் பெண் என்று சுட்டிச் சொல்லிவிட முடியாது. கற்றுக்கொண்டது அவருக்குள் கரைந்துவிட்டது.

என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானவர் கியூபாவில் பிறந்து, சிறுமியாக இருந்தபோதே அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட ஆனா மென்டியெட்டா. 1970களில் தம் உடம்பின் வெளிக்கோட்டை மண்ணிலும் மணலிலும் புல்லிலும் பதித்து, அவை அழிவதற்குள் படம் எடுத்துவைத்தார். 1981இல் பிறந்த நாட்டுக்குத் திரும்பிச் சென்று, ஹவானாவுக்கு வெளியே ஹருக்கோ என்ற இடத்தின் சுண்ணக்கல் குகைகளில் பெண் வடிவங்களைக் கீறியும் செதுக்கியும் வைத்தார். அத்தீவின் பழங்குடியான தாயினோ மக்களின் தெய்வப் பெயர்களை அவற்றுக்குச் சூட்டினார். பாறையில் ஏற்கெனவே இருந்த வளைவையும் பிளவையும் பயன்படுத்திக்கொண்டு, தேவையான இடத்தில் மட்டும் உளியை வைத்தார். மழையும் காலமும் அவற்றைக் கரைத்துவருகின்றன. இன்று நாம் அறிவது பெரும்பாலும் புகைப்படங்களின் வழியாகத்தான்.

பாறை ஏற்கெனவே சொல்வதைக் கேட்டு வேலை செய்வது என்பது கற்காலச் சிற்பியின் முதல் பழக்கம். ஸ்பெயினின் அல்டமிரா குகையில், கூரைப்பாறை புடைத்திருக்கும் இடங்களாகப் பார்த்துக் காட்டெருமைகளைத் தீட்டியிருக்கிறார்கள். அந்தப் புடைப்பே விலங்கின் விலாவாகவும் திமிலாகவும் ஆகிவிடுகிறது. அங்கே ஓவியம் எங்கே முடிகிறது, சிற்பம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல இயலாது. பிரான்சில் டூக் தோதூபேர் என்ற குகையின் கடைக்கோடியில், 1912இல் இரண்டு களிமண் காட்டெருமைகளைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 60 செ.மீ. நீளம்; ஒரு பாறையின் மேல் சாய்ந்தாற்போல் அமைந்திருக்கின்றன. குகையின் ஈரமும் இருளும் காத்ததால் சுடாத அந்த மண் இன்னும் நிற்கிறது. விலங்கின் உடம்பில், செய்தவரின் விரல் வழித்துச் சென்ற தடங்கள் இன்றும் தெரிகின்றன. ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முந்தைய விரல்! ஈர மண்ணைக் கட்டை விரலால் வழிக்கும்போது ஓரத்தில் ஒரு சிறு மேடு எழும். என் மேசையில் இன்று காலை எழுந்த மேடும் அதுவும் ஒன்றேதான். இந்தத் தொடர்ச்சியை உணர்ந்து ஒருவர் வேலை செய்தால், அவருடைய சிற்பம் எந்தப் பழைய உருவத்தைப்போல் இருந்தாலும் அதை நகல் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கேள்வி: குகை ஓவியங்களைப் பார்த்துவிட்டு வந்த பிக்காசோ, "நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை" என்று சொன்னதாக எங்கும் எழுதுகிறார்களே, உண்மையா?
(கரோல் பாக் வாசகர்)

பதில்: அதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. அல்டமிராவைப் பற்றி என்றும் பிரான்சின் லாஸ்கோ குகையைப் பற்றி என்றும் ஆளுக்கொரு விதமாக எழுதுவதே அந்த மேற்கோளின் மீது ஐயம் கொள்ளப் போதுமானது. லெஸ்பூக் பெண்ணின் நகல்களை அவர் வைத்திருந்தது உறுதியான செய்தி. நாம் அதையே பேசலாம்.

கேள்வி: 2023இல் பிரகதி மைதானத்தில் நடந்த அருங்காட்சியகக் கண்காட்சியில் நடனப் பெண்ணுக்கு இளஞ்சிவப்பு உடை அணிவித்து ஆளுயரத்தில் வைத்திருந்தார்கள். அதுவும் நீங்கள் சொல்லும் "பழங்கலையால் தூண்டப்பட்ட இக்காலச் சிற்பம்" தானா?
(லோதி காலனி வாசகி)

பதில்: அவ்வாண்டு மே மாதம் நடந்த பன்னாட்டு அருங்காட்சியகக் கண்காட்சியின் அடையாளச் சின்னமாக, கர்நாடகத்தின் சன்னப்பட்டணம் பொம்மைக் கைத்தொழிலைப் பயன்படுத்தி ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில் செய்யப்பட்ட உருவம் அது. உடை அணிவித்ததும் மேனி நிறத்தை வெளுப்பாக்கியதும் பண்டைய உருவத்தைத் திரிப்பதாகும் என்று பலர் கண்டித்தார்கள். வாயிற்காவலர் உருவங்களின் மரபில், இக்காலத்துக்கு ஏற்பச் செய்தது என்று பண்பாட்டு அமைச்சகம் விளக்கம் தந்தது.

பண்டைய உருவத்தைத் தொடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் இந்தப் பகுதியையே நான் எழுதியிருக்கக் கூடாது. மாற்றுகிறவர் முதலில் உற்றுப் பார்த்திருக்க வேண்டும் என்பதே என் எதிர்பார்ப்பு. அந்தப் பாவையின் உயிர் எங்கே இருக்கிறது? மெலிந்த உடம்பில், ஒரு கையில் மட்டும் குவிந்த வளையல் பாரத்தில், மறைக்காமல் நிமிர்ந்து நிற்கும் அந்தத் தன்னம்பிக்கையில். அவற்றை மூடியும் நிரப்பியும் விட்ட பிறகு எஞ்சியிருப்பது பெயர் மட்டுமே. சன்னப்பட்டணத்துக் கைவினைஞர்களின் திறமையில் எனக்குக் குறை எதுவும் இல்லை. மென்மரத்தைக் கடைந்து, சுழலும் மரத்தின் மேலேயே அரக்குச் சாயத்தை ஏற்றும் அருமையான தொழில் அவர்களுடையது. கைக்கு அடங்கும் உருண்டை வடிவங்களில்தான் அதன் அழகு முழுமையாகத் தெரியும். அவர்களிடமே, ஒரு சாண் உயரத்தில், அவர்களுக்குத் தோன்றிய விதத்தில் ஒரு நடனப் பெண்ணைக் கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன்.

கேள்வி: பருத்த மார்பும் வயிறும் கொண்ட கற்காலப் பெண் உருவங்களையெல்லாம் "தாய்த் தெய்வம்" என்று சொல்வது சரியா, ஐயா? முகம் ஏன் இல்லை?
(முனிர்க்கா வாசகி)

பதில்: தாய்த் தெய்வம் என்பது நாம் சூட்டிய பெயர், செய்தவர்கள் எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை. வளமை வேண்டிச் செய்த உரு, பேறுகாலக் காப்பு, விளையாட்டுப் பொருள் என்று பல விளக்கங்கள் உண்டு. லெராய் மெக்டெர்மட் என்ற ஆய்வாளர் 1996இல் முன்வைத்த ஒரு கருத்து சிற்பிகளிடையே பெரும் ஆர்வத்தை எழுப்பியது. கண்ணாடி இல்லாத காலத்தில், கருவுற்ற ஒரு பெண் தலையைக் குனிந்து தன் உடம்பைப் பார்த்தால் மார்பும் வயிறும் பெரிதாகத் தெரியும், கால் போகப்போகச் சிறுத்து மறையும், முகம் தெரியவே தெரியாது; அந்தப் பார்வையே இந்த உருவங்களின் வடிவம் என்றார் அவர். எல்லா ஆய்வாளர்களும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயினும், பார்க்கப்படும் பொருளாகவே பெண்ணுடலைச் செய்துவந்த கலையுலகில், தன் உடம்பைத் தானே பார்த்துச் செய்த பெண் ஒருத்தி சிற்பக்கலையின் தொடக்கத்தில் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு மிக அரியதாகப் படுகிறது. பிரான்சில் பிறந்த பெண் சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா 1969இல் செய்த, தலையும் கையும் இல்லாத சிறிய பெண் உருவத்தைப் பார்க்கும்போதும் இந்த எண்ணமே வருகிறது.

கேள்வி: இவையெல்லாம் ஐரோப்பியச் செய்திகள். தமிழகத்தில் இப்படிப்பட்ட பழைய உருவங்கள் இல்லையா? நம் சிற்பிகள் அவற்றிலிருந்து தொடங்கலாமே!
(ஜனக்புரி வாசகர்)

பதில்: இருக்கின்றன, ஊருக்குப் போகும்போது பார்த்துவிட்டு வாருங்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் மோட்டூரிலும், விழுப்புரம் வட்டாரத்தில் உடையார்நத்தத்திலும் பெருங்கற்கால மனித உருக்கற்கள் நிற்கின்றன. ஈமச் சின்னமான கல்வட்டத்தோடு சேர்த்து நிறுத்தப்பட்ட பெரும் பலகைக்கற்கள் அவை. கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. அகன்று விரிந்த தோள்களின் வளைவு மட்டுமே அதை மனிதர் என்று சொல்கிறது. அந்த ஒரு வளைவை எடுப்பதற்கு, கல்லின் ஓரத்தை எவ்வளவு நேரம் கொத்தியிருக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று எப்படி முடிவு செய்திருக்க வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். குறைத்துச் சொல்வதை நவீனச் சிற்பத்தின் கண்டுபிடிப்பு என்று நம்பும் மாணவர்களை நான் முதலில் அங்கேதான் அனுப்புவேன்.

தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்ஸாண்டர் ரீ நடத்திய அகழாய்வில் கிடைத்த சிறிய வெண்கலப் பெண் உருவமும், எருமை, சேவல் போன்ற உருவங்கள் மேலே நிற்கும் வெண்கல மூடிகளும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தவை. நீலகிரியின் கரிக்கியூர்ப் பாறை ஓவியங்கள் தமிழகத்தில் உள்ளவற்றுள் மிக விரிவானவற்றில் ஒன்று. வந்தவர்கள் அவற்றின் மீது பெயரைக் கிறுக்கிச் சிதைத்திருக்கிறார்கள் என்பதை எழுதும்போதே நெஞ்சு வலிக்கிறது.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல விரும்புகிறேன். பழங்குடி மக்கள் இன்று செய்யும் கலையைக் கற்காலக் கலையின் மிச்சம் என்று சொல்லிவிடாதீர்கள். இதை எனக்குக் கற்பித்தவர் ஓவியர் ஜெ. சுவாமிநாதன். சிம்லாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, தில்லியில் வாழ்ந்து, 1963இல் ஹிம்மத் ஷா உள்ளிட்டோருடன் "குரூப் 1890" என்ற குழுவாகக் கண்காட்சி நடத்தியவர். 1982இல் போபாலில் பாரத் பவன் என்ற கலை மையம் தொடங்கியபோது அதன் கலைக்கூடத்தில் நகரக் கலைஞர்களின் படைப்புகளையும் பழங்குடிக் கலைஞர்களின் படைப்புகளையும் சமமாக வைத்தார். இருவரும் ஒரே காலத்தில் வாழ்பவர்கள், ஆகவே இருவர் கலையும் இக்காலக் கலையே என்பது அவருடைய உறுதியான நிலைப்பாடு. சிற்பி மீரா முகர்ஜியும் அப்படித்தான் நடந்துகொண்டார். ஜெர்மனியின் மியூனிக்கில் படித்துத் திரும்பியவர், சத்தீஸ்கரின் பஸ்தர் வட்டாரத்து வார்ப்புக் கலைஞர்களிடம் போய் மாணவியாக அமர்ந்தார். மண் கருவின் மேல் மெழுகு இழைகளைச் சுற்றிச் சுற்றி உருவம் எழுப்பும் அவர்கள் முறையை வளர்த்தெடுத்துத்தான் கலிங்கத்து அசோகரின் பேருருவத்தை வார்த்தார். அது நம் தில்லியில் ஐ.டி.சி. மௌர்யா ஓட்டலில் இருக்கிறது. நடனப் பெண்ணை வார்த்த அதே மெழுகு வழிதான் அங்கும் நடந்திருக்கிறது.

கேள்வி: தில்லியிலிருந்து இரண்டு நாள் விடுமுறையில் போய்ப் பார்க்கக்கூடிய இடம் ஏதேனும் உண்டா?
(பாலம் வாசகர்)

பதில்: பீம்பேட்கா. போபாலிலிருந்து ஏறத்தாழ 45 கி.மீ. 1957இல் தொல்லியலாளர் வி. ஸ்ரீ. வாகண்கர் அடையாளம் கண்ட பாறைக் குகைகள். 2003இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. எல்லோரும் ஓவியங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீங்கள், பெரிய குகையின் பாறையில் கிண்ணம்போல் குடைந்திருக்கும் சிறு குழிகளையும் நின்று பாருங்கள். அவற்றின் வயதைப் பற்றி ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. மிக மிகப் பழையவை என்று கருதுவோர் உண்டு. கல்லைக் கொண்டு கல்லைத் தட்டித் தட்டி உண்டாக்கியவை. தொட வேண்டாம், சாக்கட்டியால் வரைந்து பார்க்கவும் வேண்டாம். போபாலில் ஒரு பிற்பகலைப் பாரத் பவனுக்கு ஒதுக்குங்கள்.

கேள்வி: ஐயா, எனக்குப் பதினைந்து வயது. கற்காலத்தார்போல் கையளவு உருவம் ஒன்றைக் களிமண்ணில் செய்து சுட ஆசை. எப்படித் தொடங்க வேண்டும்? செய்த இரண்டு உருவங்களும் வெடித்துவிட்டன.
(துவாரகா மாணவர்)

பதில்: தம்பி, உனக்கு மிக அருகிலேயே உத்தம் நகர்க் குயவர் குடியிருப்பு இருக்கிறது. அங்கே பிசைந்த மண்ணை விலைக்கு வாங்கலாம். அவர்கள் சூளையில் உன் உருவத்தையும் ஓரமாக வைத்துச் சுட்டுத் தரும்படி பெரியவர் எவரிடமாவது பணிவாகக் கேட்டுப் பார்.

ஒரு எலுமிச்சை அளவைவிடச் சற்றுப் பெரிதாக மண்ணை எடுத்துக்கொள். புத்தகத்தையோ கைப்பேசிப் படத்தையோ எதிரில் வைக்காதே. கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை அழுத்திப் பிடித்து, கையைத் திற. உன் விரல்கள் விட்ட பள்ளங்களும், அவற்றினிடையே பிதுங்கிய மேடுகளும் இருக்கும். திருப்பித் திருப்பிப் பார். ஒரு பக்கத்தில் ஏதோ ஒரு முதுகோ, தோளோ, படுத்திருக்கும் விலங்கோ தென்படும். அதற்கு எது குறைகிறதோ அதை மட்டும் சேர், எது மிகுதியோ அதை மட்டும் எடு. ஈரத் துணியால் தேய்த்து வழவழப்பாக்கிவிடாதே; விரல் தடம் இருக்கட்டும்.

வெடிப்பதற்கு வருவோம். காற்றுக்குமிழிதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் ஈரம். வெளியே காய்ந்துவிட்டதுபோல் தெரியும் மண்ணின் நடுவில் நீர் தங்கியிருக்கும்; சூளை 100 பாகை செல்சியஸை எட்டும்போது அது ஆவியாகி, வெளியேற வழியின்றி உருவத்தைப் பிளந்துவிடும். மாணவனாக இருந்தபோது நானும் அவசரப்பட்டு அரைகுறையாகக் காய்ந்த ஒரு தலையைச் சூளையில் வைத்தேன். அது சிதறியதோடு நிற்காமல், பக்கத்தில் இருந்த சக மாணவி ஒருவரின் மூன்று மாத உழைப்பையும் உடைத்துவிட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்ட அந்தக் காலையை நான் இன்றும் மறக்கவில்லை.

ஆகவே உருவம் இரண்டு விரல் கனத்துக்கு மேல் இருந்தால், மண் சற்று இறுகியதும் அடிப்பக்கத்திலிருந்து சிறு கரண்டியால் உள்ளே குடைந்துவிடு. மண்ணோடு மெல்லிய மணலையோ, பொடித்த ஓட்டுத் தூளையோ கொஞ்சம் சேர்த்துப் பிசைந்தால் ஈரம் வெளியேற வழி கிடைக்கும். தில்லியின் மே மாத அனற்காற்றில் உலரவைத்தால் மேல்தோல் மட்டும் விரைவாகச் சுருங்கிக் கீறல் விழும். ஈரப் பருத்தித் துணியைத் தளர்வாகப் போர்த்தி, நிழலில் பத்து நாளாவது வை. குளிர்காலமானால் இரட்டிப்பு நாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கிறதா? இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள், காத்திரு. சில்லிப்பு முழுதும் போன பிறகே சூளைக்குக் கொண்டுபோ. தொடக்கத்தில் நெருப்பு மிக மெதுவாக ஏற வேண்டும். சுடுமண்ணுக்கு 800 முதல் 900 பாகை வரை போதும். எரிந்து முடிந்ததும் உடனே திறக்கச் சொல்லிக் குயவரைத் தொந்தரவு செய்யாதே. ஓர் இரவு முழுதும் சூளை தானாக ஆறட்டும்.